தண்ணீரில் இறக்கித்தான் பார்க்க வேண்டும்

காசிமேடு,
மே 4

அன்புள்ள பாப்பாவுக்கு நைனா எழுதுவது.

வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் எங்கேயாவது போய் உட்கார்ந்து, "நான் எதுக்காக இருக்கேன்னு யோசிக்கணும்" என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாய். அம்மா பயந்துவிட்டாள். எனக்குப் பயம் இல்லை. உன் வயதில் இந்தக் கேள்வி வருவது நல்லதுதான், வராமலே போகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. ஆனால் இதற்குப் போனில் பதில் சொல்ல முடியாது. எழுதினால் நானும் நிதானமாகச் சொல்வேன், நீயும் இன்னொரு தடவை எடுத்துப் படிப்பாய்.

இங்கே தடைக்காலம் நடக்கிறது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது என்பது உனக்குத் தெரிந்ததுதான். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது 45 நாள், 2017-ல் 61 நாளாக்கினார்கள். மீன் இனப்பெருக்கம் செய்யட்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு. ஆனால் அது படகுக்கும் நல்லதாகிவிட்டது. ஓடிக்கொண்டே இருக்கும் படகின் அடிப்பாகத்தை யாராலும் பார்க்க முடியாது. கரையேற்றிச் சாய்த்து வைத்தால்தான் எவ்வளவு சிப்பி ஒட்டியிருக்கிறது, எந்தப் பலகை இற்றுப்போயிருக்கிறது, புரொப்பல்லர் எங்கே தேய்ந்திருக்கிறது என்பதெல்லாம் தெரியும். மீன் பிடிக்கிறவர்களுக்கு வேலை இல்லாத நாள் இது. என்னைப் போன்ற இன்ஜின் மெக்கானிக்குக்கு இதுதான் சீசன். இன்றைக்குக் கத்திரி வெயிலும் தொடங்கிவிட்டது. படகுக்குள் இறங்கினால் இரும்பில் கை வைக்க முடியவில்லை. அதனால் விடியற்காலையில் போய், வெயில் ஏறுவதற்குள் பாதி வேலையை முடித்துவிடுகிறேன்.

அதனால் உன்னை நிற்காதே என்று நான் சொல்ல மாட்டேன். நில். அடிப்பாகத்தைப் பார். ஆனால் இன்னொரு விஷயம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

ஒரு படகுக்காரர் ஒவ்வொரு வருடமும் என்னிடம் வருவார். கியர்பாக்ஸ் பக்கத்து பேரிங் போய்விட்டது என்பார். புதிதாகப் போடுவோம். அடுத்த வருடம் அதே பேரிங், அதே சத்தம். கடைக்காரன் டூப்ளிகேட் கொடுத்துவிட்டான் என்று வேறு கம்பெனி பேரிங் வாங்கி வந்தார், அதுவும் போயிற்று. ஒரே சாமான் திரும்பத் திரும்பப் போனால் கோளாறு அந்தச் சாமானில் இல்லை. இன்ஜினும், புரொப்பல்லரைச் சுற்றும் தண்டான ஷாப்டும் நேர்க்கோட்டில் இல்லை. இரண்டையும் சேர்க்கும் கப்ளிங்கின் இரண்டு முகத்துக்கும் நடுவே, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான பீலர் கேஜை விட்டுப் பார்த்தால், மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாக இடைவெளி இருந்தது. ஆறு அங்குல கப்ளிங் என்றால் 0.006 அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. தாளை விட கொஞ்சம் கனம், அவ்வளவுதான். அந்த வித்தியாசம்தான் வருடா வருடம் ஒரு பேரிங்கைத் தின்றுகொண்டிருந்தது.

நீ இப்போது இருப்பது மூன்றாவது கம்பெனி. முதல் கம்பெனியில் மேனேஜர் சரியில்லை. இரண்டாவதில் வேலை அதிகம். இதில் மேனேஜரும் நல்லவர், வேலையும் அளவு, சம்பளமும் கூட. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் நெஞ்சு கனக்கிறது என்கிறாய். மூன்று இடத்திலும் புகார் வேறு வேறு, சத்தம் ஒன்றுதான். அதனால் நான்காவதாக ஒரு கம்பெனி தேடுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறு என்கிறேன்.

அப்புறம் இன்ஜினையும் ஷாப்டையும் நேராக்கும் அந்த அலைன்மெண்ட் இருக்கிறதே, அதைக் கரையில் வைத்துச் சரி செய்ய முடியாது. எத்தனை பெரிய மெக்கானிக்காக இருந்தாலும் முடியாது. கட்டைமேல் நிற்கும்போது படகின் உடம்பு ஒரு மாதிரி இருக்கும். தண்ணீரில் மிதக்கும்போது, டீசலும் ஐஸும் ஏற்றிய பிறகு, வேறு மாதிரி வளைந்து கொடுக்கும். கரையில் வைத்து மயிரிழை பிசகாமல் பொருத்தினாலும், இறக்கியதும் மாறிவிடும். அதனால் கரையில் மேலோட்டமாகப் பொருத்துவோம். தண்ணீரில் இறக்கி, பாரம் ஏற்றி, ஒரு நாள் விட்டு, அப்புறம்தான் போல்ட்டைத் தளர்த்தி, ஷிம் என்கிற மெல்லிய தகட்டை அடியில் வைத்துக் கடைசி அளவு எடுப்போம்.

நீ ஆறு மாதம் ஒரு மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்தால் தூக்கம் வரும், உடம்பு தேறும், ஒட்டியிருக்கும் சிப்பி எல்லாம் உதிரும். அதெல்லாம் நல்லதுதான். ஆனால் நீ எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது அங்கே தெரியாது. பாரம் இல்லாத இடத்தில் எல்லாமே நேராகத்தான் தெரியும். திரும்பி வந்து வேலை, வாடகை, ஆபீஸ் அரசியல், அம்மாவின் கல்யாணப் பேச்சு எல்லாம் ஏறிய பிறகு மறுபடி அதே சத்தம் கேட்கும். எதற்காக வாழ்கிறோம் என்பதை வாழ்ந்துகொண்டேதான் அளக்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

என் விஷயத்தையே சொல்கிறேன். இந்த வேலைக்கு வந்த புதிதில் கூலிக்காகத்தான் செய்தேன், அதில் ஒன்றும் குறைவில்லை. ஒரு தடவை நான் இன்ஜின் இறக்கிக் கொடுத்த படகில், சத்தம் எப்படி இருக்கிறது என்று பார்க்க நானும் கடலுக்குப் போனேன். ராத்திரி வலை இழுத்து முடித்துவிட்டு எல்லோரும் டெக்கிலேயே படுத்துவிட்டார்கள். கரை எங்கே என்று தெரியாத இருட்டு. இன்ஜின் சத்தம் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் சத்தம் லேசாக இறங்கியது, டீசலில் கொஞ்சம் தண்ணீர் இருந்திருக்கும். அத்தனை பேரும் ஒரே சமயத்தில் கண்ணைத் திறந்துவிட்டார்கள். யாரும் எழுந்து உட்காரவில்லை, பேசவும் இல்லை. படுத்தபடியே கேட்டார்கள். சத்தம் சரியானதும் மறுபடி தூங்கிவிட்டார்கள். எட்டுப் பேரின் தூக்கம் நான் முடுக்கிய போல்ட்டை நம்பி இருந்தது. அன்றைக்கு அப்புறம் எனக்கு இந்த வேலை வேறு வேலையாகிவிட்டது. கூலி அதேதான், ஸ்பானரும் அதேதான். யாருக்காகச் செய்கிறேன் என்று முகம் தெரிந்துவிட்டது, அதுதான் வித்தியாசம்.

நம் வள்ளலார் கதையை ஆயா உனக்குச் சொல்லியிருப்பாள். ஏழுகிணறு வீராசாமி தெரு வீட்டில் சின்ன வயதில் தனி அறையில் ஒரு கண்ணாடியை வைத்து, விளக்கேற்றி, அதன் முன்னால் உட்கார்ந்து வழிபட்டார் என்பார்கள். அங்கிருந்து திருவொற்றியூருக்கு நடந்தே போய் வருவாராம். எவ்வளவோ பேர் தியானம் செய்கிறார்கள், அவரைப் பற்றி எனக்குப் பிடித்தது அடுத்து நடந்தது. 1867-ல் வடலூரில் தரும சாலை வைத்து அடுப்பு மூட்டினார். இன்றைக்கும் அந்த அடுப்பு அணையவில்லை, பசி என்று வருகிறவர்களுக்குச் சோறு போடுகிறார்கள். கண்ணாடியில் ஆரம்பித்தது அடுப்பில் போய் நின்றது. தன்னைப் பார்ப்பது என்றால் அப்படி அடுத்தவர் வரைக்கும் போய்ச் சேர வேண்டும். தன்னோடேயே நின்றுவிட்டால் கொஞ்ச நாளில் அது தன்னைத் திட்டிக்கொள்வதாக மாறிவிடும். நீ இப்போது அங்கேதான் இருக்கிறாயோ என்று எனக்குத் தோன்றுகிறது. "நான் சோம்பேறி, எனக்கு ஒழுங்கே இல்லை" என்று போனில் சொன்னாயே, அது உன்னைப் பார்ப்பது ஆகாது, பாப்பா. நான் எந்த இன்ஜினையும் திட்டித் திறந்ததில்லை.

காலை ஐந்து மணிக்கு எழுந்து, பச்சைத் தண்ணீரில் குளித்து, பட்டியல் போட்டு டிக் அடித்துப் பார்த்தேன், பத்து நாள்கூட ஓடவில்லை என்றாய். நல்ல பழக்கங்கள்தான், குறை சொல்லவில்லை. நம் மார்க்கெட்டில் மீன் எடுக்க வரும் பெண்கள் ராத்திரி இரண்டு மணிக்கே எழுந்துவிடுகிறார்கள். ஏலத்தில் நல்ல சங்கரா கிடைக்க வேண்டும், விற்று முடித்து பிள்ளைக்கு பீஸ் கட்ட வேண்டும். எதற்கு எழுந்திருக்கிறோம் என்பது அவர்களுக்கு முதலில் தெரியும், எழுந்திருப்பது அப்புறம் தானாக நடக்கும். நீ இரண்டாவதை வைத்து முதலாவதைத் தேடுகிறாய்.

சரி, என்ன செய்யலாம்? என்னிடம் ஒரு நோட்டு இருப்பது உனக்குத் தெரியும், டீசல் கறை படிந்த அந்த நீள நோட்டு. ஒவ்வொரு படகுக்கும் என்றைக்கு என்ன போயிற்று, போகும்போது அது என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதி வைப்பேன். அந்தப் பேரிங் விஷயமும் நோட்டைப் புரட்டியபோதுதான் பிடிபட்டது. நீயும் அதே மாதிரி எழுது. "இன்றைக்கு மனசு சரியில்லை" என்று எழுதாதே. அதைப் பின்னால் படித்தால் ஒன்றும் விளங்காது. மனசு சரியில்லாமல் போனது எத்தனை மணிக்கு, அதற்கு முந்தின ஒரு மணி நேரம் என்ன செய்தாய், யாரோடு பேசினாய், சாப்பிட்டாயா, இதை மட்டும் எழுது. இரண்டு வரி போதும். ஒரு மாதம் திரும்பிப் படிக்காதே. மாதக் கடைசியில் ஒரே மூச்சில் படி. எது திரும்பத் திரும்ப வருகிறதோ அங்கே கேஜை விட்டுப் பார்.

சத்தமில்லாமல் ஓடிய நாளையும் எழுது. இதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், நோட்டில் கோளாறு மட்டும்தான் இருக்கும். எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லையோ அதையும் பக்கத்திலேயே குறித்து வை.

எனக்கு ஒன்று ஞாபகம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நீ பிளஸ் டூ படிக்கும்போது மாடியில் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாய். பின்னம் புரியாமல் எதிர் வீட்டுப் பையன் அழுதான். நீ உள்ளே போய் கேரம் காயினைக் கொண்டு வந்து தரையில் கொட்டினாய். கறுப்பு ஒன்பது, வெள்ளை ஒன்பது. "மொத்தத்துல பாதி என்ன? மூணுல ஒரு பங்கு என்ன?" என்று அவனையே பிரித்து அடுக்கச் சொன்னாய். அவன் ஆறு ஆறாக மூன்று வரிசை வைத்தான். வைத்துவிட்டு, சிவப்புக் காயினைக் கையில் எடுத்து, "இது எந்தப் பங்குல வரும்க்கா?" என்று கேட்டான். நீ சிரித்த சிரிப்பு கீழே எனக்குக் கேட்டது. அந்த வருடம் உனக்கே பரீட்சை. ஆனால் ஒரு நாளும் நெஞ்சு கனக்கிறது என்று நீ சொன்னதில்லை.

அதற்காக வேலையை விட்டுவிட்டு டீச்சராகப் போ என்று நான் சொல்லவில்லை. நைனா சொன்னார் என்று எதையும் செய்யாதே. அந்தச் சிரிப்பு இப்போதும் உனக்குள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன், அதுவும் இந்த வேலையில் இருந்துகொண்டே. நீ இருக்கும் புனேவிலும் வாரத்துக்கு ஒரு சாயங்காலம் கிடைக்கும். இல்லை, அது அந்த வயதோடு போய்விட்டது என்றால் அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

மே கடைசி வாரம் லீவு போட்டு வா. நம் தெருக் கோடியில் ஒரு அக்கா மாலை வகுப்பு நடத்துகிறார், கோடை விடுமுறையிலும் பிள்ளைகள் வருகிறார்கள். கணக்குக்கு ஆள் இல்லை என்று என்னிடமே சொன்னார். இரண்டு சாயங்காலம் போய் உட்கார்ந்து பார். அவரிடம் இப்போதே சொல்லி வைக்கட்டுமா என்று பதில் எழுது. எந்த வண்டியில் வருகிறாய் என்பதையும் எழுது, சென்ட்ரலுக்கு நான் வருகிறேன்.

அன்புடன்,
நைனா