கோபுர்க் வேறு, கோத்தா வேறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிட்டன் அரச குடும்பத்தின் பூர்விகம் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட் சாக்ஸ்-கோபுர்க்-கோத்தா என்ற ஜெர்மன் சிற்றரசில் பிறந்தவர் என்று இருக்கிறது. அவர் பிறந்தது 1819-ல். அந்தப் பெயரில் அப்போது அரசே கிடையாது. அவருடைய தந்தை ஆண்டது சாக்ஸ்-கோபுர்க்-சால்ஃபெல்டு.

இந்தக் குடும்ப வரலாறு போர்களை வரிசைப்படுத்திப் படித்தால் பிடிபடாது. பாகப்பிரிவினைப் பத்திரம் பார்க்கத் தெரிந்த நம் ஊர்க்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும்.

ஆல்பர்ட்டின் முன்னோரான, கோத்தாவை ஆண்ட எர்ன்ஸ்ட் 1675-ல் இறந்தார். 1642-லேயே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியாக வேண்டும் என்று விதி செய்தவர் அவர். (அந்தக் கோத்தாவில் வளர்ந்த ஃபிராங்கே என்ற கிறிஸ்தவ போதகரிடம் ஹாலே நகரில் பயின்றவர்தான் நம் தரங்கம்பாடி சீகன்பால்கு.) எர்ன்ஸ்டின் மகன்கள் ஏழு பேரும் கொஞ்ச காலம் கூட்டாக இருந்துவிட்டு, 1680-ல் ஏழு பங்காகப் பிரிந்தார்கள். பங்கு சமமில்லை. இளையவர்கள் சிலருக்கு நிலம் கிடைத்தது. உயர் அதிகாரங்கள் கோத்தாவிலிருந்த மூத்தவரிடமே தங்கின. தம்பிக்குக் காட்டைக் கொடுத்துவிட்டுக் கிணற்றை அண்ணன் வைத்துக்கொண்ட கதைதான்.

1699-ல் கோபுர்க் பங்காளி வாரிசின்றி இறக்க, அந்த இழுபறி 1735 வரை நீண்டு, கடைசியில் கோபுர்க் சால்ஃபெல்டு கிளைக்குப் போனது. 1825-ல் கோத்தா கிளையும் அற்றது. மிஞ்சிய மூன்று கிளைகளுக்கும் (கோபுர்க்-சால்ஃபெல்டு, மைனிங்கன், ஹில்ட்பர்க்ஹவுசன்) சாக்சனி மன்னர் பஞ்சாயத்துப் பேசினார். 1826 நவம்பரில் முடிந்தது ஒரு பரிவர்த்தனை: கோபுர்க்காரர் சால்ஃபெல்டை மைனிங்கனுக்கு விட்டுக்கொடுத்துக் கோத்தாவைப் பெற்றார், ஹில்ட்பர்க்ஹவுசன்காரர் தம் ஊரையே மைனிங்கனுக்குக் கொடுத்துவிட்டு, கோத்தா கிளையிடமிருந்த ஆல்டன்பர்க்குக்குப் போனார். சாக்ஸ்-கோபுர்க்-கோத்தா என்ற பெயர் பிறந்தது அன்றுதான்.

இரண்டு பூமியும் ஒட்டியவை அல்ல. நடுவே துரிங்கிய மலைக்காடும் மைனிங்கன் எல்லையும் கிடந்தன. இரண்டுக்கும் ஒரே கோமகன், ஆனால் சட்டமன்றம் தனித்தனி. அதனால் 1918-ல் கோமகன் பதவி விலகியதும் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. கோத்தா புதிதாக உருவான துரிங்கியா மாநிலத்தில் சேர்ந்தது. கோபுர்க் மக்களோ 1919 நவம்பர் 30 வாக்கெடுப்பில், சுமார் 88 சதவீதம் பேர், துரிங்கியா வேண்டாம் என்றார்கள். 1920 ஜூலை 1-ல் பவேரியாவோடு இணைந்தார்கள். 1945-க்குப் பிறகு பவேரியாவோடு கோபுர்க் மேற்கு ஜெர்மனியிலும் துரிங்கியாவோடு கோத்தா கிழக்கிலும் இருந்ததற்கு அந்த வாக்குதான் காரணம்.

கட்டுரையோடு வந்த வரைபடம் இரண்டையும் ஒரே துண்டாகக் காட்டுகிறது. மாணவர்கள் வெட்டி ஒட்டி வைக்கும் பக்கம் என்பதால், திருத்திய படத்தை வெளியிட வேண்டுகிறோம்.

– வரலாற்று வாசகர்கள்,
கோபிசெட்டிபாளையம்