எங்கே ஆடினார்கள், எப்போது ஆடினார்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த தமிழ் நாடக வரலாற்றுக் கட்டுரை, 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபா என்ற நாடகக் குழுவைத் தொடங்கியதிலிருந்து ஆரம்பிக்கிறது. அதற்கு முன்பு தெருவிலும் கோயிலிலும் 'ஏதோ ஆடிக்கொண்டிருந்தார்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். அந்த 'ஏதோ' என்ற சொல்லை என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டாம் இராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது; 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. வைகாசிப் பெருவிழாவில் இராஜராஜேஸ்வர நாடகம் ஆட, சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றனான விஜயராஜேந்திர ஆச்சாரியனுக்கு நாளுக்கு ஒரு தூணி வீதம் ஆண்டுக்கு 120 கலம் நெல் என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். தூணி என்பது நான்கு மரக்கால், கலம் பன்னிரண்டு மரக்கால். 360 நாளுக்கு 120 கலம் சரியாக வருகிறது. ஆடுவது விழா நாட்களில்தான், ஆனால் படியளந்தது ஆண்டு முழுவதற்கும். கூத்தன் வீட்டு அடுப்பு மார்கழியிலும் எரிய வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அந்த நாடகத்தின் ஒரு வரிகூட இன்று நம்மிடம் இல்லை. எந்த இடம், எந்த மாதம், யார் ஆடினார், என்ன கூலி என்பது மட்டும் கல்லில் நிற்கிறது. இதை 'ஏதோ' என்று சொல்லலாமா?

அதற்கும் முன்னால் போனால் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. மாதவி ஆடிய மேடைக்கு அளவே கொடுத்திருக்கிறார் இளங்கோ: 24 விரல் கொண்டது ஒரு கோல், அந்தக் கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், வாயில் இரண்டு. 'தூண்நிழல் புறப்பட மாண்விளக்கு எடுத்து' என்கிறார். தூணின் நிழல் ஆடுகிறவர் மேல் விழாதபடி விளக்கு வைத்தார்களாம். பண்டைய ஏதென்ஸில் டயோனிசஸ் என்ற கடவுளுக்கு எடுத்த விழாவின் நாடகங்கள் நம் பங்குனியை ஒட்டிய நாட்களில் அக்ரோபோலிஸ் குன்றின் தென்சரிவில் பட்டப்பகலில் நடந்தன. லண்டனில் 1599இல் எழுந்த குளோப் அரங்கிலும் பிற்பகல் வெளிச்சம்தான். விளக்கைப் பற்றி இவ்வளவு யோசித்த நம்மவர்களுக்கு இரவு வேண்டியிருந்திருக்கிறது.

இதை வற்புறுத்தி எழுத ஒரு காரணம் உண்டு. திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவன் நான். எங்கள் திரௌபதி அம்மன் கோயில் திடலில் அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் கோடையில்தான் பாரதக் கூத்து. இரவு பத்து மணிக்குமேல் கூத்தைத் தொடங்கிவைக்கும் கட்டியங்காரன் வருவான். பதினெட்டாம் போர் முடியும்போது கிழக்கு வெளுத்திருக்கும். விடிந்தபிறகு போர்க்களமாகப் பாவித்த படுகளத்தில் ஊரே கூடும். மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தைச் சுற்றி வீமன் ஓடிவருவதை இரவெல்லாம் விழித்த கண்ணோடு பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் காலை வெயிலின் பொருள் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி விழாவில் அதே கூத்தைக் காலை 11 மணிக்கு, குளிரூட்டிய அரங்கில் அரைமணி நேரம் ஆடச் சொன்னார்கள். தீவட்டி வெளிச்சத்துக்கென்று பழகிய முகப்பூச்சு அந்த வெள்ளை விளக்கில் வெறும் சாயமாகத் தெரிந்தது. கூத்து வாத்தியார் குரலில் குறையில்லை, அடவிலும் குறையில்லை. மாணவர்கள் கைதட்டினார்கள். மேடையிலிருந்து இறங்கி வந்த அவர் முகத்தை நான் மறக்கவில்லை. அவரிடமிருந்து இரவையும் திடலையும் பிடுங்கிவிட்டுக் கூத்தை மட்டும் கேட்டிருந்தோம்.

சபாக்களின் பணியை நான் குறைத்துச் சொல்லவில்லை. பம்மலாருக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆனால் கட்டுரையின் அடுத்த பகுதியிலாவது ஒவ்வொரு நாடகத்தின் பெயரோடும் அது ஆடப்பட்ட இடம், மாதம், பொழுது ஆகியவற்றைச் சேர்த்து எழுதுமாறு கட்டுரையாளரிடம் சொல்லுங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து மெலட்டூரில் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகம் இன்றும் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி, வரதராஜப் பெருமாள் கோயில் முன்பு, இரவில் நடக்கிறது. அடுத்த நரசிம்ம ஜயந்திக்கு உங்கள் நிருபர் ஒருவரை அங்கே அனுப்புங்கள். விடியும்வரை இருந்துவிட்டு வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
திருவண்ணாமலை மாவட்டம்