கொழுந்து மடுவத்துக்கு மாணவரை அனுப்புங்கள்

மலையகத்தில் கணினித்துறை கற்பிக்கும் பல்கலைக்கழகங்களின் துறைத் தலைவர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும்,

மனித–கணினி இடைவினைப் பாடத்துக்கு வரும் ஒப்படைகளைப் புரட்டிப் பாருங்கள். சாப்பாடு ஓடர் செய்யும் செயலி, போடிங் அறை தேடும் செயலி, நூலகச் செயலி. பரிசோதித்தவர்கள் அதே பெட்சில் ஐந்து பேர். ஐவருக்கும் எல்லாம் விளங்கிவிட்டதாம். விளங்காமல் என்ன, அவர்களும் அதே விரிவுரையில்தானே இருந்தார்கள்!

ஐந்து பேர் போதும் என்பது பயன்பாட்டு ஆய்வாளர்களான நீல்சனும் லாண்டவரும் 1993இல் போட்ட கணக்கிலிருந்து வந்தது. ஒரு பயனர் சராசரியாக 31 வீதமான குறைகளைக் காட்டிக் கொடுத்தால், ஐவர் ஏறத்தாழ 85 வீதத்தைக் காட்டுவார்கள். ஆனால் அந்த ஐவரும் செயலியை உண்மையில் பாவிக்கப்போகிறவர்களாக இருக்க வேண்டும். தேயிலைக் கொழுந்து எடுப்பவரும் நிறையை எழுதும் கணக்கப்பிள்ளையும் ஒரே திரையைப் பார்ப்பதென்றால், இரு பக்கத்திலும் தனித்தனியே ஆள் தேவை.

அடுத்த செமெஸ்டருக்கு ஒரே ஒரு தலைப்புக் கொடுங்கள்: கொழுந்து நிறுவை. அன்றைக்கு முழுப் பெயரா (முழு நாள் சம்பளம்) அரைப் பெயரா (அரை நாள் சம்பளம்) என்பது அந்தக் கிலோவில் தங்கியிருக்கிறது. தன் நிறையைத் தொழிலாளி தானே பார்த்துச் சரிபிழை சொல்ல ஒரு திரை வேண்டும்.

முதல் இரண்டு வாரம் திரை வரையும் மென்பொருளான பிக்மாவைத் திறக்கவே விடாதீர்கள். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி எடுத்துக்கொண்டு, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் குறைந்தது மூன்று நிறுவைகளை நின்று பார்க்கட்டும். தராசை யார் வாசிக்கிறார், யார் எழுதுகிறார், சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிபடுகிறது, அந்த இலக்கம் தொழிலாளியின் கண்ணில் எப்போது படுகிறது? கேள்விகளை மடுவத்தில் கேட்க வேண்டாம். கங்காணி பக்கத்தில் நின்றால் எல்லாம் சரியாகத்தான் நடக்கும். பின்னேரம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போகட்டும். சம்மதப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்காமல் வாசித்துக் காட்டட்டும். பெயர் குறிக்கத் தேவையில்லை.

முதல் மாதிரி கடதாசியில். "இந்த பட்டனை அமத்துங்க" என்றால் அது பரிசோதனையே அல்ல. "இன்னைக்கு ஒங்களுக்கு எத்தன கிலோ, எவ்வளவு கழிச்சிருக்காங்க, பாத்துச் சொல்லுங்கக்கா" என்று வேலையைச் சொல்லிவிட்டு வாயை மூட வேண்டும். "இதத் தொடவா தம்பி?" என்று கேட்டால், "நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்பதுதான் பதில். மாணவருக்கு மிகக் கஷ்டமான பாடம் இந்த மௌனம்.

முடிவில், பாவிக்க எவ்வளவு இலகு என்று அளக்கும் புரூக்கின் 10 கூற்று வினாக்கொத்தை (SUS) மொழிபெயர்த்து நீட்டுவது வழக்கமாகிவிட்டது. அதில் சாதகமும் பாதகமுமாகக் கூற்றுகள் மாறி மாறி வரும்; வீட்டுக்கு வந்த பிள்ளையின் மனம் நோகக்கூடாதென்று இரண்டுக்கும் "ஆமா" விழும். உதவியின்றி முடித்தாரா, எத்தனை முறை தவறாகத் தொட்டார் என்று எண்ணுவதே மேல்.

ஆய்வுகூடத்தில் தெரியாத பிழைகள் சில:

"சமர்ப்பிக்கவும்" நமக்கு 9 எழுத்து, யுனிகோட்டுக்கு 15 குறியீடு. ஆங்கிலத்தின் ஆறெழுத்துச் சொல்லுக்கு அளந்த பொத்தானில் அது பாதியில் அறுந்து நிற்கும். "அனுப்பு" போதுமே! பழைய அடையாள அட்டை இலக்கம் 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். இலக்க விசைப்பலகை மட்டும் திறந்தால் அந்த எழுத்தை எங்கே தட்டுவது? புதிய அட்டையின் 12 இலக்கத்தை மட்டும் ஏற்கும் பெட்டியும் பழைய அட்டைக்காரரை வெளியே தள்ளும். குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில், அப்பா பெயரை முதலெழுத்தாகப் போடுபவர் எதை எழுதுவார்? மழையில் நனைந்த விரலைத் தொடுதிரை ஒழுங்காக உணராது. ஆகவே ஈரக் கையோடும், நண்பகல் வெளிச்சத்திலும் ஒருமுறை சோதிக்கட்டும்.

புள்ளியையும் மாற்றியாக வேண்டும். களக் குறிப்புக்கு 40, பரிசோதனைக்கு 20, அதைப் பார்த்து எதை மாற்றினார்கள் என்பதற்கு 30, திரையின் அழகுக்கு 10.

நான்கு பேர் கொண்ட குழுவில் தமிழ் பேசுபவர் ஒருவராவது இருக்கட்டும். ஆனால் அவரை மொழிபெயர்ப்பாளராக மட்டும் வைத்துவிடாதீர்கள். குறிப்பை மற்றவர் எழுத, கேள்வியை அவர் கேட்கட்டும். பஸ் காசைத் துறையே கொடுத்தால் நல்லது.

இப்படிக்கு,
பயனர் மைய வடிவமைப்பைக் கற்பித்தும் செய்தும் வரும் சிலர்