69-ஆம் நம்பர் பஸ்

அன்புள்ள பாப்பா,

அத்தையை லியோனிலிருந்து பாரிஸுக்குக் கூட்டிப் போகப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். மாப்பிள்ளை போட்ட திட்டத்தையும் பார்த்தேன். ஐஃபெல் கோபுரம், லூவ்ர் மியூசியம், மோன்மார்த்ர் குன்று எல்லாம் ஒரே நாளில், எல்லாம் மெட்ரோவில். அத்தையின் முழங்காலை அவர் கணக்கில் எடுத்ததாகவே தெரியவில்லை.

பாரிஸ் மெட்ரோ வேகமானதுதான், வேலைக்குப் போன காலமெல்லாம் எனக்கும் அதுதான் கதி. ஆனால் அது முழுக்கப் படிக்கட்டு. 14-ஆம் லைன் ஒன்றில்தான் எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் உண்டு. மற்றவற்றில் ஏறி இறங்கி, நடுவில் ஷாத்லே ஸ்டேஷனில் வண்டி மாறினால், அந்த நீளமான நடைபாதைகளிலேயே அத்தைக்கு அன்றைய நடை முடிந்துவிடும்.

அதனால் பஸ்ஸில் போங்கள். கார் த லியோன் ஸ்டேஷனில் இறங்கி, பஸ்தீய் பக்கம் ரூம் எடு. அங்கிருந்து 69-ஆம் நம்பர் பஸ், ஐஃபெல் பக்கத்து ஷான் த மார்ஸ் மைதானம் போகிற பக்கம். ஊர் சுற்றிக் காட்டுகிற டூரிஸ்ட் பஸ்ஸுக்குக் கொடுக்கிற காசு வேண்டாம். சாதாரண டவுன் பஸ்ஸான இதுவே நகரசபைக் கட்டடம், லூவ்ர், ஓர்சே மியூசியம், தங்கக் கோபுரத்தோடு நெப்போலியன் சமாதி இருக்கிற அன்வலீத் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போய் ஐஃபெல் பக்கத்தில் விடும். லூவ்ர் அரண்மனைக்குள்ளேயே புகுந்து வெளியே வரும். அத்தைக்கு ஜன்னல் சீட் பிடித்துக் கொடு. பஸ் வரும்போது கை காட்டினால்தான் நிற்கும், இறங்கச் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும்.

டிக்கெட் விஷயத்தில் 2025 ஜனவரியில் எல்லாம் மாறிவிட்டது. பஸ்ஸுக்கு 2 யூரோ, மெட்ரோவுக்கு 2.50 என்று பிரித்துவிட்டார்கள். பஸ் டிக்கெட் மெட்ரோவில் செல்லாது. இப்போது சில்லறை கொஞ்சம் ஏறியிருக்கும். டிக்கெட் ஏற்றிக்கொள்கிற நவிகோ ஈஸி கார்டு ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஒரே கார்டை இரண்டு பேர் தேய்க்க முடியாது. வாரப் பாஸ் யாராவது சொன்னால், அது திங்கள் முதல் ஞாயிறு வரைதான். வியாழன் வாங்கினாலும் ஞாயிறு முடிந்துவிடும்.

நோத்ர் தாம் தேவாலயத்துக்கு, நகரசபைக் கட்டடத்து ஸ்டாப்பான ஓத்தெல் த வீலில் இறங்கிப் பாலத்தைத் தாண்டினால் போதும். 2019 ஏப்ரலில் எரிந்து, 2024 டிசம்பரில்தான் திறந்தது. கல்லெல்லாம் பளிச்சென்று இருக்கிறதாம். நான் பார்த்த நாளில் கரி படிந்து இருட்டாக இருக்கும். உள்ளே போக இலவசம், அதற்கு யாராவது காசு கேட்டால் நம்பாதே. கோபுரத்துக்கு 400-க்கு மேல் படி, அது நமக்கு வேண்டாம்.

லூவ்ர் செவ்வாய்க்கிழமை லீவு, ஓர்சே திங்கள். லூவ்ரில் சக்கர நாற்காலி இலவசமாகத் தருவார்கள். கேட்க வெட்கப்படாதே. அத்தை வேண்டாம் என்பார், ஆனால் ஒரு ஹால் நடந்ததும் உட்காருவார்.

ஐஃபெலுக்கு லிஃப்ட் டிக்கெட்டை 60 நாள் முன்னாலிருந்தே இணையத்தில் எடுக்கலாம், இன்றே பார். கிடைக்காவிட்டால் விடு. மெட்ரோ ஏறியே ஆக வேண்டுமென்றால் கோபுரத்தைப் பார்க்க இந்த ஒன்று: த்ரோகாதேரோ ஸ்டேஷனில் 6-ஆம் லைன், நாசியோன் பக்கம், இடது ஜன்னல். பஸ்ஸி ஸ்டேஷன் தாண்டியதும் ரயில் ஸேன் நதிப் பாலத்தில் ஏறும், கோபுரம் முழுசாகத் தெரியும். அடுத்த ஸ்டேஷன் பிர்ஆக்கைமில் படி இருக்கிறது, மெதுவாக இறக்கு. கதவோரம் நின்று போனைக் கையில் வைத்திருக்காதே, பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள்.

மோன்மார்த்ரில் 222 படி. பக்கத்திலேயே இழுவை ரயில் போகிறது, அதில் ஏறுங்கள். கையில் கயிறு கட்ட வருகிறவனிடம் கையை நீட்டாதே, கட்டிவிட்டுக் காசு கேட்பான்.

அத்தை இரண்டாம் நாள் சோறு கேட்பார். லா ஷப்பேல் போங்கள், கார் து நோர் ஸ்டேஷனுக்குப் பின்னால்தான். ஈழத்துக் கடைகள் வரிசையாக இருக்கும். ஆகஸ்ட் கடைசி என்றால் பிள்ளையார் தேரும் கிடைக்கலாம்.

மாப்பிள்ளையிடம் இதை நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம், நீயே யோசித்ததாகச் சொல். தேதி முடிவானதும் போன் பண்ணு, எந்தக் கிழமை எது என்று சேர்ந்து பார்ப்போம்.

அப்பா