நத்தையை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம். கல்லூரி அணிகளின் சின்னங்கள் பற்றிய ஞாயிறு கட்டுரையில் சிங்கம், புலி, காளை என்று அடுக்கிவிட்டு நத்தையை மறந்துவிட்டீர்கள்.

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் மகள் படித்தபோது போயிருந்தேன். ரெட்வுட் மரக்காட்டுக்குள்தான் வகுப்பறைகள். மழை விட்ட காலையில் பாதை நடுவே கனிந்த வாழைப்பழம் ஒன்று கிடந்தது. குனிந்தேன்; கொம்பை நீட்டியது! ஓடில்லாத மஞ்சள் நத்தை. பெயரே வாழைப்பழ நத்தைதான். விலங்கியல் வாத்தியார் சும்மா இருப்பேனா, தொட்டுப் பார்த்தேன். அந்தப் பசை சோப்புக்கும் லேசில் மசியவில்லை.

மாணவர்கள் விளையாட்டாக வைத்துக்கொண்ட சின்னம் அது. 1980களின் தொடக்கத்தில் நிர்வாகம் 'கடல் சிங்கம்' என்று அறிவித்து, கூடைப்பந்து ஆடுகளத்திலும் வரைந்துவிட்டது. பிள்ளைகள் விடவில்லை. 1986இல் நடந்த வாக்கெடுப்பில் நத்தை அமோகமாக ஜெயித்தது. வளாகத் தலைவர் ராபர்ட் சின்ஷைமர் முதலில் முரண்டு பிடித்தார். பிறகு இறங்கி வந்தார். எதிரியைப் பயமுறுத்தாத சின்னம் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

நத்தைப் படம் போட்ட பனியனோடுதான் இன்றும் காலை நடை போகிறேன். தெருநாய்கள் மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

- ஓய்வுபெற்ற ஆசிரியர், தென்காசி