படகுக்குப் புதுப் பாய் வாங்கும் முன் பேட்டனை நிறுத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையின் நேத்ரா குமணனும், கணபதி – வருண் தக்கர் இணையும் இறங்கியபோது பாய்மரப் படகுப் போட்டிக்குத் தமிழ் நாளிதழ்களில் கொஞ்சம் இடம் கிடைத்தது. அந்தச் செய்திகளில் காற்று உண்டு, வீரர் உண்டு. கருவி பற்றி மட்டும் ஒரு வரியும் இராது. அதனால்தானோ என்னவோ, பிள்ளையின் படகு பின்தங்கினால் பெற்றோர் முதலில் செலவழிப்பது புதுப் பாய்க்கு. பாதி நேரம் குறை பாயில் இல்லை. அதற்குள் செருகியிருக்கும் பேட்டனில் இருக்கிறது.

பேட்டன் என்பது பாயின் பின்விளிம்பில் தைத்த உறைக்குள் போகும் ஃபைபர் பட்டை. பாயின் உச்சிக்கும் கீழ்ப் பின்மூலைக்கும் இடையே ஒரு நேர்கோடு இழுத்தால், அதற்கு வெளியே பிதுங்கி நிற்கும் துணியை மடங்கிவிடாமல் தாங்குவது இதுதான். பல இருவர் படகுகளில் மேல் பேட்டன் மட்டும் பின்விளிம்பிலிருந்து பாய்மரம் வரை முழு நீளத்துக்கு ஓடும். பாயின் மேல்பகுதி எவ்வளவு குழிய வேண்டும், குழிவின் ஆழமான இடம் எங்கே விழ வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அந்த ஒன்றே தீர்மானிக்கிறது.

ஒரு எச்சரிக்கை: ஐஎல்சிஏ (பழைய லேசர்) படகு வைத்திருப்பவர்கள் பேட்டனைத் தேய்த்தோ வெட்டியோ மாற்றக் கூடாது. அங்கீகாரம் பெற்ற கட்டுநர் தரும் பேட்டன்தான் செல்லும். மற்ற வகைப் படகுகளிலும் அந்தந்த விதிப் புத்தகத்தைப் பார்த்த பிறகே பட்டையைத் தேயுங்கள்.

கடையில் 'சாஃப்ட்', 'ஸ்டிஃப்' என்று ஒட்டியிருக்கும் சீட்டை நம்ப வேண்டாம். பட்டையைச் சமையலறை எடைமேடை மேல் செங்குத்தாக நிறுத்தி, மேல்முனையை உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள். எண் ஏறிக்கொண்டே போகும். பட்டை வில்லாக வளையத் தொடங்கியதும் ஏறுவது ஏறக்குறைய நின்றுவிடும். அந்த எண்தான் அதன் விறைப்பு. (ஆளை நிறுக்கும் டிஜிட்டல் கருவி இதற்கு உதவாது, சில கிலோவுக்குக் கீழே பலவும் சரியாகக் காட்டுவதில்லை.) வளைந்த நிலையிலேயே இன்னொருவர் இரு முனைகளுக்கும் இடையே நூல் பிடித்து, ஆழம் மிகுந்த இடத்தைப் பென்சிலால் குறிக்கட்டும். ஒரே தடிமனுள்ள பட்டை சரிபாதியில் வளையும். பாய்க்கு வேண்டியது அதைவிடச் சற்று முன்னால், பாய்மரப் பக்கமுள்ள முன்முனையிலிருந்து 40 முதல் 45 சதவீதத் தொலைவில். இரண்டு அளவையும் பட்டையின் மீதே அழியாத மையால் எழுதிவிடுங்கள்.

ஆழத்தை முன்னுக்குக் கொண்டுவர, முன்பக்க மூன்றில் ஒரு பங்கை மெல்லியதாக்க வேண்டும். இங்கேதான் பலர் பட்டையைக் கெடுக்கிறார்கள். விறைப்பு தடிமனின் கனத்துக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்ப மாறும்: 2 மி.மீ. பட்டையை 1.8 ஆக்கினால் அந்த இடத்தில் விறைப்பு கால் பங்குக்கு மேல் போய்விடும். நாலு இழுப்பு தேய்த்ததும் மறுபடி நிறுத்துப் பாருங்கள். 80ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 120இல் முடிக்கலாம். தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும், முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். ஃபைபர் தூள் நுரையீரலுக்கு ஆகாது. கடைசியில் மெல்லிய எபாக்சி பிசின் பூச்சு. இல்லாவிட்டால் இழை பிரிந்து உறையை அறுக்கும். நீளத்தைக் குறைத்தாலோ விறைப்பு கூடும் என்பதை மறக்க வேண்டாம்: பத்தில் ஒரு பங்கு வெட்டினால் எடைமேடை எண் ஏறக்குறைய 23 சதவீதம் ஏறும்.

எந்த விறைப்பு நல்லது? காற்றை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, படகில் உட்காரும் இருவரின் எடையையும் பார்க்க வேண்டும். எடை குறைந்த இணைக்கு விறைப்பான மேல் பேட்டன் பொருந்தும். காற்று ஏறும்போது மேல்பகுதி தட்டையாகவே நின்று, படகு சாய்வதைக் குறைக்கும். கனமான இணைக்குச் சற்று நெகிழ்வானது. பிற்பகல் கடற்காற்றில் அலை எழும்போது அலையை உடைத்துப்போக மேலே கொஞ்சம் குழிவு வேண்டும். பலத்த காற்றில் மிக நெகிழ்ந்த பட்டை அழுத்தம் தாங்காமல் மேலும் குழியும், பின்விளிம்பு காற்று வரும் பக்கமாகக் கொக்கிபோல் திரும்பும், படகு சாயுமே தவிர ஓடாது. கார்பன் பட்டை எடை குறைவு என்பது உண்மை. விறைப்பு பொருந்தாவிட்டால் அந்தச் சில கிராம் எதற்கு?

உறையில் செருகிக் கட்டும்போது, உறைக்குக் குறுக்கே விழும் சுருக்கங்கள் மறையும் வரை இறுக்கினால் போதும். கீழ்ப் பின்மூலையிலிருந்து பாய்மரத்தின் நடுவை நோக்கிச் சாய்வாகச் சுருக்கம் ஓடினால் அதற்குப் பேட்டன் பொறுப்பல்ல. பாய்மரம் அளவுக்கு மேல் வளைகிறது. இளங்காற்றில் அதிகம் இறுக்கினால், படகைத் திருப்பிய பிறகும் பேட்டன் பழைய பக்கமே வளைந்து நிற்கும். பாயை உதறிப் படகை முன்தள்ளுவதைத் தடுக்கும் போட்டி விதி 42, பேட்டனைத் திருப்ப பாயை இழுத்து உதறுவதற்கு இடம் தருகிறது; அந்த உதறல் படகைத் தெளிவாக முன்னே தள்ளினால் மட்டும் குற்றம். ஒவ்வொரு திருப்பத்திலும் உதற வேண்டியிருந்தால் கட்டைத் தளர்த்துங்கள். அப்படியும் மாறாவிட்டால் பட்டை அந்தக் காற்றுக்கு விறைப்பு அதிகம்.

கீழே உள்ள குட்டைப் பேட்டன்களுக்குக் கணக்கு எளிது. பின்முனை விறைப்பாக, உள்முனை மெலிந்து இருக்க வேண்டும். உள்முனை தடித்திருந்தால் பாய் அந்த இடத்தில் கதவுக் கீல்போல் மடியும். பின்விளிம்பு படபடத்தால் பட்டை மிக நெகிழ்வு, அல்லது உறையில் ஆடுகிறது.

கரைக்கு வந்ததும் மேல் பேட்டனின் கட்டைத் தளர்த்தி, பாயைப் பேட்டனுக்கு இணையாகச் சுருட்டுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வளைத்து வைத்த பட்டை அந்த வளைவிலேயே நின்றுவிடக்கூடும். பயிற்சி தரும் கிளப்புகள் படகுக் கொட்டகையில் ஒரு எடைமேடையும், எண் எழுதிய நாலைந்து மேல் பேட்டன்களும் வைத்தால், பிள்ளைகள் வாங்கும் முன் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க முடியும்.

இப்படிக்கு,
பாய் தைத்துப் பழுதுபார்ப்போர்,
ராயபுரம், சென்னை.