பெருங்காயத்திலும் கோதுமை

ஆசிரியருக்கு வணக்கம். என் மகளுக்கு சீலியாக் நோய், அதாவது கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைப் பாதிக்கும் நோய். நம் சாப்பாடு அரிசிதானே, அப்புறம் என்ன கஷ்டம் என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள், ஆனால் சாம்பார், ரசம், ஊறுகாய் என எல்லாவற்றிலும் விழும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கிறது, சிறிதளவு குளூட்டன்கூட தினமும் உள்ளே போனால் சிறுகுடல் ஆறாமலே போகலாம். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது. கோதுமை இருப்பதைப் பொடி எழுத்தில் ஒளிக்காமல் டப்பாவின் முன்பக்கமே அச்சிட அரசு உத்தரவிட வேண்டும். தீராத வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, குழந்தைக்கு எடை கூடாதது என்று இருந்து இந்த நோயோ எனச் சந்தேகம் வந்தால், இந்த நோயைக் கண்டறியும் டிடிஜி ரத்தப் பரிசோதனை உள்பட டாக்டர் சொல்லும் பரிசோதனைகள் முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள், முன்பே நிறுத்தினால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.

– ஒரு வாசகி, மதுரை